அழுவாச்சிப் பெட்டி

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது கிழக்கு அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருக்கும். பிரபாவதி ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அவள் அம்மா பொன்னி மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போகும் வேர்க்கடலைக் கொல்லைகள் இரண்டு பக்கமும் நழுவிப் பின்னால் போகும். செங்கல்பட்டு ஏரி வரும்போது ஒருமுறை விழிப்புத் தட்டும். தண்ணீர் முழுக்க வெளிச்சமாக இருக்கும். மறுபடி கண் மூடும். அடுத்து விழிக்கையில் கம்பெனி வாசல்.

2007ஆம் வருஷம். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. வெளிநாட்டுக்கு அனுப்பும் பேபி மானிட்டர்களை அங்கே செய்தார்கள். சோப்புப் பெட்டி அளவில் இரண்டு பெட்டிகள். ஒன்றைத் தூங்கும் குழந்தையின் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றொன்றை அம்மா தன்னோடு வைத்துக்கொள்ளலாம். அங்கே குழந்தை சிணுங்கினால் இங்கே கேட்கும். லைனில் இருந்த பெண்கள் அதற்கு அழுவாச்சிப் பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பிரபாவதிக்கு ஜோடி சேர்க்கும் மேசை. ஒரு வீட்டுச் சத்தம் இன்னொரு வீட்டுப் பெட்டியில் கேட்டுவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாக ஒரு நம்பர் உண்டு. கம்ப்யூட்டர் கொடுக்கும் நம்பரை இரண்டு பெட்டிக்குள்ளும் ஏற்றிவிட்டு, பதிவு செய்து வைத்த ஓர் அழுகையை ஓடவிட்டுச் சோதிப்பாள். எந்த ஊரிலோ எந்தக் குழந்தையோ எப்போதோ அழுத அழுகை. ஒரு ஷிஃப்டில் நானூறு தடவை கேட்கும். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பதறியது. பிறகு பழகிவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் அந்த அழுகையே அவளைக் கையைப் பிடித்து எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போகும். அட்டைப்பெட்டிகளில் பெயர் ஒட்டியிருக்கும் நாடுகளில் உள்ள வீடுகள். மரப்படிகள், நீலத் திரைச்சீலை, வெளியே பனி. பனியை அவள் பார்த்ததில்லை. மரக்காணத்து உப்பளம் மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டாள்.

அங்கே இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது ஒருநாள், அவள் மேசையில் ஓடிய அழுகை பக்கத்து மேசைப் பெட்டியிலிருந்தும் கேட்டது.

"இன்னாடி, உன் கொயந்த என் வூட்ல அழுவுது?" என்றாள் பக்கத்து மேசைக்காரி பூமாலை. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு பிரபாவதிக்குச் சிரிப்பு நின்றது. கம்ப்யூட்டர் எல்லா ஜோடிக்கும் ஒரே நம்பரைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் கோதண்டபாணியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"பக்கத்து பக்கத்து வூட்டுக்காரன் ரெண்டு பேருமா இத வாங்கப் போறான்? கன்டெய்னர் நின்னுக்கினு இருக்குது, ஜல்தி முடிம்மா" என்றார் அவர்.

அவள் மேசைக்குத் திரும்பி வந்தாள். தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். லைன் முழுக்க நின்றது. அவ்வளவு பெரிய கூடத்தில் அத்தனை அமைதியை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அன்றைய பெட்டிகளை எல்லாம் பிரித்து நம்பர் மாற்றினார்கள். கோதண்டபாணி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. முந்தின நாள் சரக்கு மட்டும் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அதில் பிழை உண்டா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. உப்பளத்துப் பனிக்கு நடுவே ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி எழுந்து ஓடுவாள், தொட்டிலில் அவள் குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் என்று பிரபாவதிக்கு வெகுநாள் தோன்றிக்கொண்டே இருந்தது.

2012இல் கல்யாணம் ஆகி அவள் திண்டிவனத்துக்கு வந்தாள். கணவன் சவுரிராயன் லோடு ஆட்டோ ஓட்டுபவன். மேலே ஓர் அறையும் கீழே ஓர் அறையும் உள்ள வீடு. கீழறையில் ஷட்டர் போட்டு, பிரபாவதி செல்போன் சர்வீஸ் கடை வைத்தாள். பெண்பிள்ளை கடை என்று முதலில் தயங்கியவர்கள், வேலை சுத்தமாக இருப்பதைப் பார்த்துத் தேடி வந்தார்கள்.

வீட்டில் இன்னொருவர் உண்டு. சவுரிராயனின் அக்கா லூர்து மேரி, பிரபாவதிக்கு அண்ணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருஷம் ரைஸ் மில்லில் வேலை செய்ததில் காது போய்விட்டது. வலது காதில் மட்டும், பக்கத்தில் வந்து கத்தினால் கொஞ்சம் கேட்கும். பேச்சு குறைவு. பிரபாவதி உதட்டை மெல்ல அசைத்துச் சொன்னால் தலையாட்டிப் புரிந்துகொள்வார்.

2015இல் ஆஷ்லின் பிறந்தாள். மூன்று மாதம் கழித்துக் கடையைத் திறந்தபோதுதான் சிக்கல் வந்தது. லூர்து மேரி குழந்தையைக் கண்ணிமைபோல் பார்த்துக்கொள்வார். ஆனால் அவர் துணி மடிக்கத் திரும்பி உட்கார்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டாலும் தெரியாது. ஒருநாள் பிரபாவதி மேலே போனபோது ஆஷ்லின் அழுது அழுது முகம் கருத்து விக்கிக்கொண்டிருந்தாள். லூர்து மேரி ஜன்னலோரம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்ததும் கீரையைப் போட்டுவிட்டு ஓடிவந்து குழந்தையை அள்ளிக்கொண்டார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

"அந்த அழுவாச்சிப் பெட்டி ஒண்ணு வாங்கிடலாங்க" என்றாள் பிரபாவதி.

துபாய் சாமான்கள் வந்து இறங்கும் கடை கோட்டக்குப்பத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆஷ்லினை லூர்து மேரியிடம் விட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்காரரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இருவரும் லோடு ஆட்டோவில் போனார்கள். வழியெல்லாம் சவுரிராயன் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான்.

"சைனா மட்டும் வாணாம் பிரபா. அங்கேருந்தே எல்லாத்தையும் பாக்குறானாம். வாட்ஸ்அப்ல வந்துது."

கடைக்காரர் கமாலுதீன் பாய் மூன்று வகை எடுத்து வைத்தார். முதலாவது கேமரா வைத்தது. "ஜெர்மன் கம்பெனி தங்கச்சி. எந்த ஊர்லேருந்தும் போன்லயே புள்ளையப் பாக்கலாம்."

சவுரிராயனுக்குப் பிடித்துவிட்டது. பிரபாவதி பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பினாள். பெரிய எழுத்தில் ஜெர்மனி, அதன் கீழே கடுகு எழுத்தில் சைனா. "இதே மாதிரி இன்னொரு பெட்டி குடுங்க பாய்" என்று வாங்கி, இரண்டுக்குள்ளும் இருந்த அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பாஸ்வேர்டு என்ற இடத்தில் இரண்டிலும் ஒரே நாலு எண்.

"இன்னாங்க இது, ஊருக்கே ஒரே சாவி!" என்றாள். "மாத்திக்கலாம்தான். எத்தினி பேரு மாத்துவாங்க? நம்ம புள்ள தூங்கறது நெட்ல போவவே வாணாம்."

இரண்டாவதில் இந்தியா என்று போட்டிருந்தது. சவுரிராயன் நெஞ்சை நிமிர்த்தினான். "இது போதும். நம்ம ஊருலயே செஞ்சது."

அவள் மூடியைத் திறந்ததும் புது பிளாஸ்டிக் வாசனை முகத்தில் அடித்தது. ஒரு நொடி பிரபாவதி கோட்டக்குப்பத்தில் இல்லை. ஏரி வெளிச்சம், பூமாலையின் சிரிப்பு, மேசையில் ஓயாமல் அழும் யாரோ ஒரு குழந்தை எல்லாம் அந்த வாசனையில் வந்து போயின. அவள் வேலை பார்த்த கம்பெனி இல்லை, வேறு ஏதோ பெயர். இதிலும் இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டாள். ஒரு ஜோடியின் பெட்டியைப் பாயின் மகனிடம் கொடுத்துக் கடை வாசலில் கைதட்டச் சொன்னாள். மற்ற ஜோடியின் பெட்டி அவள் கையில் இருந்தது. வாசலில் தட்டிய கை அவள் கைக்குள் படபடவென்று கேட்டது.

பாய் திகைத்துப்போனார். "இத்தினி நாளா வித்துக்கினு இருக்கேனே!"

"நம்ம ஊருதானேடி..." என்றான் சவுரிராயன் பரிதாபமாக.

"நம்ம ஊருதாங்க. அந்த அவசரம் எனக்குத் தெரியாதா?"

மூன்றாவது, விலை குறைந்த சாதாரணப் பெட்டி. கேமரா கிடையாது, நெட் கிடையாது. சைனா என்று ஒளிவுமறைவில்லாமல் போட்டிருந்தது. அதையும் அப்படியே சோதித்தாள். ஒரு ஜோடியின் சத்தம் மற்ற ஜோடிக்குப் போகவில்லை. நாலு ஜோடி மாற்றி மாற்றிப் பார்த்தாள். போகவே இல்லை.

"சைனாக்காரன் கேட்டுக்கினு இருந்தா?" என்றான் சவுரிராயன்.

"இதோட சத்தம் நம்ம தெருவையே தாண்டாதுங்க. அங்க ஒரு பொண்ணு நம்பரு சரியாப் போட்டிருக்குறா. அதான் எனக்கு வேணும்."

திரும்பும்போது மழை மேகம் கட்டியிருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிரபாவதி கண்ணயர்ந்தாள். பெயர் தெரியாத ஊரில் பெயர் தெரியாத பெண் ஒருத்தி, விடியலில் ஜன்னலோரம் தலைசாய்த்து எங்கோ போய்க்கொண்டிருந்தாள். மயிலம் திருப்பத்தில் ஆட்டோ குலுங்கியதும் அந்தப் பெண் மறைந்துபோனாள்.

ஒரு பெட்டி மேலே ஆஷ்லின் பக்கத்திலும், மற்றொன்று கீழே கடை மேசைமேலும் வந்து உட்கார்ந்தன. ஆஷ்லின் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. சால்டரிங் வைக்கும்போது அந்த மூச்சோடு பிரபாவதியின் கையும் சேர்ந்து போகும். சிணுங்கினால் மேலே ஓடுவாள்.

அவள் எதிர்பார்க்காதது ஒன்று இருந்தது. லூர்து மேரி பேசினார். பெரியவர்களிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், குழந்தையிடம் நாள் முழுக்கப் பேசினார். தன் குரல் தனக்குக் கேட்காததால், கிசுகிசுப்பதாக நினைத்து அவர் பேசியது பெட்டியில் தெளிவாக விழுந்தது.

"உங்கம்மா கொழம்புல இன்னாத்துக்குடி இவ்ளோ புளிய ஊத்துறா?"

பிரபாவதி வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் புளியைக் குறைத்தாள். லூர்து மேரி இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார். அது ஒரு விளையாட்டுப் போலப் போய்க்கொண்டிருந்தது, அந்த மத்தியானம் வரை.

"யாருக்கும் சொல்லாதடி கண்ணு" என்று தொடங்கியது குரல். "தொண்ணூத்தி மூணுல நான் மில்லுல ஓவர்டைம்னு வூட்ல சொல்லிட்டு, பாண்டி பஸ் ஏறிப் போய்ட்டேன். தனியா. கடலப் பாக்க. யாரும் கூட்டிக்கினு போவல, யாரையும் பாக்கப் போவல. மணல்ல குந்திக்கினு பாத்தேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துட்டேன். காலு மணல உதறிட்டு வூட்டுக்குள்ள வந்தேன்டி. மூணு வாட்டி போனேன். இப்போ காதுல ஒண்ணும் கேக்கல இல்ல? அந்த அலச் சத்தம் மட்டும் கேட்டுக்கினே கீது."

பிரபாவதியின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. எந்த நாடு, எவன் பார்ப்பான், எவன் கேட்பான் என்று அவ்வளவு ஆராய்ந்து வாங்கி வந்த பெட்டி. கேட்கக் கூடாததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளேதான். இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தாள். சொல்லாமலே விட்டுவிடலாம், அண்ணிக்கு எப்படித் தெரியப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது.

மூன்றாம் நாள் மேலே போய் லூர்து மேரியின் முன்னால் உட்கார்ந்தாள். பெட்டியைக் காட்டினாள். குழந்தையின் வாயைத் தொட்டாள், பிறகு அவர் வாயைக் காட்டினாள். கீழே கடையைக் காட்டி, தன் காதைத் தொட்டாள்.

"நீங்க பேசறதும் கேக்குது அண்ணி. எல்லாம் கேட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

லூர்து மேரியின் முகம் சிவந்தது. குழந்தையைப் பிரபாவதியின் மடியில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். அன்றும் மறுநாளும் பெட்டியில் ஆஷ்லினின் மூச்சு மட்டுமே கேட்டது. "அக்காவுக்கு இன்னாச்சி?" என்று சவுரிராயன் கேட்டான். பிரபாவதி சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் லூர்து மேரியே பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். "இத எப்பிடி நிறுத்தறது?"

பிரபாவதி பொத்தானைக் காட்டிக்கொடுத்தாள். குழந்தை தன் மடியில் இருக்கும்போது மட்டும் நிறுத்துவேன், கீழே படுக்க வைத்ததும் போட்டுவிடுவேன் என்று அவர் சைகையில் சொன்னார். ஒருநாளும் தவறியதில்லை. மத்தியானம் மூன்று மணி வாக்கில் கடையில் பெட்டி சட்டென்று அமைதியாகும். ஓரத்தில் சிவப்பு விளக்கு எரியும். வாடிக்கையாளர் யாராவது, "இன்னாம்மா, ரிப்பேரா?" என்று கேட்பார்கள்.

"இல்லீங்க. அண்ணி பேசிக்கினு கீறாங்க" என்பாள் பிரபாவதி.

ஆஷ்லின் தவழத் தொடங்கிய சமயம், மழை தூறிய ஒரு பிற்பகலில், லூர்து மேரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு இறங்கி வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பிரபாவதிக்கு எதிரில் உட்கார்ந்தார். பழுதான போனோடு ஒருவர் காத்திருந்தார். லூர்து மேரி அவரைப் பொருட்படுத்தவில்லை.

"மூணாவது வாட்டி போனப்போ மழடி" என்று உரத்த குரலில் ஆரம்பித்தார். "கடலு எது, வானம் எதுன்னே தெரியல..."

பிரபாவதி சால்டரிங் குச்சியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கத் தொடங்கினாள்.