யார் நடக்கிறார் என்று போடவில்லையே

வில்லாபுரத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, எஸ்தரின் தம்பி சாமுவேல் தலையைத் தொங்கப்போட்டபடி நின்றார். “அக்கா விடியக்காலம் போயிருச்சு டீச்சர். சாயங்காலம் கோயில்ல அடக்க ஆராதனை. அந்தப் பியானோ பாட்டை வாசிக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கு. புது டீச்சர் வாசிக்கிறாங்க. பக்கம் திருப்ப நீங்க வரணும்.” வாரேன் என்று சொல்லி அனுப்பினேன். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பாட்டைப் புது டீச்சர் எந்த வேகத்தில் வாசிப்பார் என்று எனக்குத் தெரியும்.

நம் பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர், எஸ்தர் பியானோ டீச்சர். அவர் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று இசைப் புத்தகத்தைத் திருப்புவது என் வேலை. எறும்பு ஏறாமலிருக்கக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்த பள்ளிக் கோயிலின் அந்தப் பழைய பியானோவை, அங்கே படித்த நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சித்திரை வெயிலில் மரம் வெடிக்காதிருக்க அதன் உள்ளேயும் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பார். “எனக்கு முன்னாடி இதுக்குத் தாகம் எடுத்துரும்” என்பார்.

சாமுவேல் சொன்ன அந்தப் பாட்டு, சொனாட்டா என்று மூன்று பகுதிகளாக வரும் ஒரு மேற்கத்திய இசையின் நடுப்பகுதி; அதுதான் அவருக்கு உயிர். நிதானமாக வாசிக்க வேண்டிய பகுதி. ‘நடக்கும் வேகம்’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல் அதன் தலையில் அச்சாகியிருக்கும். இசைப் பரீட்சை நடத்த வந்த வெள்ளைக்காரத் துரை, எஸ்தரின் வேகம் பொறுக்காமல் பென்சிலால் மேசையைத் தட்டித் தட்டி விரட்டினார். எஸ்தர் அசையவில்லை. “நீ நடக்கவில்லை, நிற்கிறாய்” என்றார் துரை. “நடக்கும் வேகம் என்றுதான் போட்டிருக்கிறது ஐயா. யார் நடக்கிறார் என்று போடவில்லையே” என்று எஸ்தர் அவருடைய இங்கிலீஷிலேயே பதில் சொன்னார். அந்தப் பரீட்சையில் தேறினால்தான் பியானோ வகுப்பு அவருக்கு நிலைக்கும். தேறவில்லை. மறு வருடம் வேறொரு துரை வந்தார். அதே நடை, அதே முடிவு. சர்டிபிகேட்டோடு புது டீச்சர் வந்தார். எஸ்தர் சின்னப் பிள்ளைகளின் பாட்டு வகுப்புக்குப் போனார்.

“கொஞ்சம் வெரசா வாசிச்சிருந்தா என்ன கொறஞ்சு போச்சு?” என்று சண்டைக்கே போனேன்.

“எங்கப்பாவை அடக்கம் பண்ணிட்டு எங்கம்மா வீட்டுக்கு நடந்து வந்துச்சு டீச்சர். எம்புட்டு மெதுவா! பாதி வழியில நின்னு திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் நடந்துச்சு. அந்த நிக்கிற எடம் இந்தப் பாட்டுல இருக்கு. நான் ஓடுனா எங்கம்மா எப்படித் திரும்பிப் பாக்கும்?”

அந்த நிற்கும் இடம், ஒரு மௌனமாக, முதல் பக்கத்தின் கடைசியில் வரும். கோயிலில் ஓர் அறுப்பின் பண்டிகையன்று எஸ்தர் அங்கே கையை எடுத்ததும், ஜெபம் என்று நினைத்துச் சபையே தலைகுனிந்துவிட்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் “ஆமென்” என்றே சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தோம். எஸ்தர் சிரிக்கவில்லை. “அவர் சரியான எடத்துலதான் சொன்னாரு. பாட்டுதான் இன்னும் முடியலை” என்றார்.

அடக்கத்துக்குப் பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒருவர், எஸ்தருக்குத் திறமை இருந்தது, கட்டுப்பாடு இல்லை என்று பேசினார். இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியம். நான் சொல்கிறேன். கட்டுப்பாடு இல்லாத கையால் அத்தனை மெதுவாக வாசிக்க முடியாது. சந்தேகமிருந்தால் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்.

எஸ்தர் இறந்த அன்று சாயங்காலம், ஆராதனையில் புது டீச்சர் பரீட்சை வேகத்தில்தான் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் படித்தது அப்படி. முதல் பக்கம் முடிந்ததும் தலையசைத்தார். நான் திருப்பவில்லை. “திருப்புங்க டீச்சர்” என்று முணுமுணுத்தார். தாளின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றேன். போதகர் என்னை முறைத்தார். சபை மெல்லத் தலைகுனிந்தது. சவப்பெட்டியருகே இருந்த சாமுவேல் பியானோவைத் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து அதே பெரியவர் “ஆமென்” என்றார்.

அதற்குப் பிறகுதான் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாம் பக்கத்தைப் புது டீச்சர் ஓடாமல் வாசித்தார்.

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கைதான். யார் தலையசைத்தாலும், நேரம் வராமல் இது திருப்பாது.