வரிசையை விட்டு வந்த பெண்

கறம்பக்குடியில் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு முடிந்துவிடும். மூன்றரைக்கு சேவை மையத்தின் ஒரே கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்திவிட்டு அடங்கியது. ஆபரேட்டர் அதன் தலையில் தட்டிப் பார்த்தார்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், சேறு காய்ந்த கால்களோடு போய், பலாப்பழம் பழுத்ததா என்று பார்ப்பவர் போலக் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "பென்சில் ரப்பர் யார்ட்டயாச்சும் இருக்கா?"

எழுதுவதைவிட அழிப்பதே அதிகம் என்பதால் என்னிடம் இருந்தது. பெட்டியைத் திறந்து, சீப்பு போலிருந்த ரேம் என்ற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பல்லை ரப்பரால் தேய்த்து மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது.

அதற்குள் வரிசையில் அவர் இடம் போயிருந்தது. அங்கே நின்றவன் நான்தான். என் அரை ஏக்கர் மூழ்கினாலும் எனக்குச் சம்பளம் உண்டு. அவருக்கு வயல் மட்டும்தான். அவர் கடைசியில் போய் நின்றார். ஐந்து மணிக்கு அவருடைய பதிவு பாதியில் நின்றது.

"ஒங்க எடம்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன், வெட்கமில்லாமல்.

"எனக்குப் பின்னாடிதான சார் நின்னீங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

கிளம்பும் முன் ஆபரேட்டரை அழைத்து, ரேமை மறுபடி கழற்றி மாட்டிக் காட்டினார். அது பெருந்தன்மையா, எங்கள் மேலிருந்த வெறுப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"நல்லாப் பாத்துக்கங்க தம்பி. அடுத்த தடவ நான் வரிசைய விட்டு வரமாட்டேன்."