ஒற்றை ஆள் படகு

பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்க, மட்டாஞ்சேரியில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கிளப் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தது. அதில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டுக் கட்டில் அளவுக்கு ஒரு படகு, ஒரே பாய், ஒரு சுக்கான். ஓட்டுகிறவர் ஒருவர்தான், துணைக்கு யாரும் ஏற முடியாது. அப்பாவுக்கு அந்தக் கடைசி விஷயம் மட்டும் பிடிக்கவில்லை. கார்ப்பரேஷன் லாரியில் வேலைக்குப் போகும்போதே நாங்கள் மூன்று பேர் போகிறோம், குழந்தையை எப்படித் தனியாக விடுவது என்று, நாங்கள் கோச் சேட்டன் என்று கூப்பிடும் பயிற்சியாளரிடம் இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

எங்கள் முதல் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. பாதி தூரம்வரை நன்றாகத்தான் போனேன். இரண்டாவது மிதவையைச் சுற்றும்போது காற்று சட்டென்று திசை மாறி, படகு கவிழ்ந்துவிட்டது. நான் பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டேன். லைஃப் ஜாக்கெட் மேலே தூக்கியது, பாய் கீழே அழுத்தியது. கையால் துழாவித் துழாவி ஒருவழியாக வெளியே வந்து மூச்சு விட்டேன். மோட்டார் படகில் வந்த கோச் சேட்டன், "மோளே, கேறிக்கோ" என்று ஏறச் சொல்லிக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்தால் போட்டியிலிருந்து விலக வேண்டும். மாட்டேன் என்று தலையாட்டினேன். கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகைமேல் ஏறி நின்று, மூன்றாவது முயற்சியில் அதை நிமிர்த்தினேன். பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு நான் கரை சேர்ந்தபோது, மற்றவர்கள் உடையே மாற்றியிருந்தார்கள்.

மற்ற அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவை மட்டும் காணவில்லை. நான் கடைசியில் வருவதைப் பார்த்து வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

நடந்ததை அம்மா சொன்னது பல வருடங்கள் கழித்து, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு. கரையிலிருந்து பார்க்க முடியாமல் ஒரு பெரிய சரக்குப் பார்ஜ் மறைத்திருக்கிறது. எர்ணாகுளம் போகும் பயணிகள் போட்டில் ஏறினால் எல்லாம் தெரியும் என்று சாயாக்கடைக்காரர் சொல்ல, அப்பா ஏறிவிட்டார். பாயில் எழுதியிருந்த எண்ணை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டிருக்கிறார். அந்த எண் தண்ணீருக்குள் போனதையும் பார்த்திருக்கிறார். என் தலை வெளியே வருவதற்குள் போட் கடந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று போட்காரர்கள் உட்காரவைத்துவிட்டார்கள். எர்ணாகுளத்தில் இறங்கி, அடுத்த போட்டுக்குக் காத்திருந்து அவர் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், போட் ஜெட்டிப் பக்கமிருந்து அப்பா ஓடி வந்தார் என்பதுதான். ஒரு காலில் செருப்பு இல்லை. என் முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்து, என் தலையை, தோளை, பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"நான்தான்பா கடைசி" என்றேன்.

"எத்தனையாவதா வந்தா என்ன. வந்துட்டேல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தோற்றதில் அவருக்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்குப் பாவமாக இருந்தது. அழாதீர்கள், அடுத்த தடவை கட்டாயம் ஜெயித்துவிடுகிறேன் என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.