கிடாய்க்குப் படித்த கதை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இருந்தாலும் ஒரே ஒரு புத்தகத்தை முப்பது தடவைக்கு மேல் படித்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெட்ரோல் கிடைக்காமல் சேலம், நாமக்கல் தடத்தில் கரி பஸ் ஓடிய காலம் அது. அதில் கண்டக்டராக இருந்த என் மாமா, யாரோ பஸ்ஸில் விட்டுப்போன ஒரு புத்தகத்தை ஒரு மாதம் வைத்திருந்து பார்த்தார். யாரும் கேட்டு வரவில்லை என்றதும் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டை இல்லை. அதனால் அதன் பெயரோ எழுதியவர் பெயரோ இன்றுவரை எனக்குத் தெரியாது.

கதை வேம்பன் என்ற பையனைப் பற்றியது. யாரையும் விட்டுவிட்டுப் போகத் தெரியாதவன் அவன். நொண்டி நரி, கண் தெரியாத ஆந்தை என்று வழியில் கிடைத்ததையெல்லாம் கூட்டிக்கொண்டு கல் நாட்டைக் கடக்கிறான். அந்த நாட்டில் பெய்யும் மழையில் யார் உடம்பு நடுங்கினாலும் நின்ற இடத்திலேயே கல்லாகிவிடுவார்கள். வேம்பனோடு வந்த மான்குட்டியோ இலை விழுந்தாலே நடுங்கும். அதை விட்டுவிட்டுப் போகலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வேம்பன் கேட்கவில்லை. எல்லையிலேயே உட்கார்ந்து, தினமும் ஒரு கை தண்ணீரை அதன்மேல் விட்டு, பேச்சுக் கொடுத்துப் பழக்குகிறான்.

நான் அந்த இடத்தைத்தான் அதிகம் படித்தேன். காரணம், எங்கள் பட்டியில் கட்டியிருந்த கருப்புக் கிடாய்.

முந்தின வருஷம் தங்கைக்கு அம்மை போட்டது. பிழைத்தால் கிடாய் வெட்டுகிறேன் என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தங்கை பிழைத்துக்கொண்டாள். அந்த வாரத்தில் எங்கள் வெள்ளாடு போட்ட குட்டியையே சாமிக்கு என்று விட்டார்கள். அதை மேய்க்கும் வேலை எனக்கு வந்தது. மனிதர்களிடம் வாய் திறக்கக் கூச்சப்படுகிற நான் அதனிடம்தான் நாளெல்லாம் பேசினேன். சித்திரையில் மாரியம்மன் நோம்பி, கிடாய் வெட்டும் திருவிழா அன்றுதான் என்று தெரிந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிடாயைக் கோயில்முன் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும். அதைத் துளுக்குவது என்பார்கள். துளுக்கினால் அம்மன் சம்மதித்துவிட்டாள். துளுக்காத கிடாயின்மேல் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள்.

வேம்பனுக்கு முடிந்தது எனக்கு முடியாதா என்று நினைத்தேன். மாசி மாதமே ஆரம்பித்துவிட்டேன்.

எருது பூட்டிக் கவலை இறைக்கிற கிணற்றுக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாகக் கிடாயைக் கட்டி, புத்தகத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டே ஒரு கை தண்ணீரை முதுகில் விட்டேன். அது உதறிய உதறலில் புத்தகம் நனைந்தது. நான் விடவில்லை. ஒரு கை, இரண்டு கை, அரைச் சொம்பு என்று தினமும் ஏற்றிக்கொண்டே போனேன். பிறகு மஞ்சள் கரைத்து ஊற்றினேன். நடுவீட்டில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா, "இந்த ஊட்டுல எலி மஞ்சளக்கூடத் திங்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா போகும்போதும் வரும்போதும் சிரிப்பார். "ஏண்ணா, உங்க பையன் கெடாவுக்குப் பள்ளிக்கூடம் வெச்சிருக்கறானாட்ட இருக்குது. அஞ்சாவது முடிக்கறதுக்குள்ள நோம்பி வந்துருமே! ஈரலு எனக்குங்கறத மட்டும் மறந்தறாதீங்க."

அப்பா சிரிக்கமாட்டார். அவர் அதிகம் பேசாதவர். ஒருநாள் எருதுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட வந்தவர் என் பக்கத்தில் நின்றுவிட்டார். நான் சொம்பை மறைக்கப் பார்த்தேன்.

"அந்தப் பொஸ்தகத்துல என்ன போட்டிருக்குது?" என்றார்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. எங்கிருந்து தைரியம் வந்ததோ, கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். எருதுகள் குடித்து முடித்து வெகுநேரம் ஆகியும் அவர் போகவில்லை.

"அந்த மானு நடுங்குச்சா?"

"இல்லீங்க. நடுங்குலீங்க."

"ம்" என்று சொல்லிவிட்டு எருதுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நோம்பியன்று கிடாய்க்கு மாலை போட்டுக் கோயில்முன் நிறுத்தினார்கள். நேர்ந்துகொண்ட வீட்டுக்காரர் என்று அப்பாவே அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளாலும் தலையை அமுக்கி, குனிந்து நின்றார். பூசாரி முதல் சொம்பை ஊற்றினார். கிடாய் வாய்க்கால் ஓரத்தில் நிற்பதுபோல நின்றது. இரண்டாவது சொம்பையும் ஊற்றினார். தப்பட்டை அடிப்பவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"கைய எடுங்க" என்றார் பூசாரி.

"எடுத்தா ஓடிருமுங்க" என்றார் அப்பா.

பூசாரி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மூன்றாவது சொம்பையும் முதுகிலேயே ஊற்றினார். வால்கூட ஆடவில்லை.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டுபோய் கோயில் வாசற்படியில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தாள். "ஆத்தா, எம்மேல என்ன குத்தம்? எம்புள்ளய மறுபடி கேக்கறியா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒன்றும் புரியாமல் தங்கையும் அழுதாள். எல்லாம் என் வேலை என்று கத்திவிட நினைத்தேன். சொன்னால் கிடாய் போய்விடும். சொல்லாவிட்டால் அம்மா அழுகையை நிறுத்தமாட்டாள். வேம்பன் கதையில் இப்படி ஒரு இடம் வரவே இல்லை.

அப்பாதான் பேசினார். அவர் ஊருக்கு முன்னால் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"எந்திரி புள்ள. ஆத்தா கோவிக்குல. புள்ளய நமக்கே குடுத்துட்டா, இதையும் நீங்களே வெச்சுக்கங்கறா. அவ்வளவுதான். ஏனுங்க பூசாரி, சரிதானுங்களே?"

பூசாரி கொஞ்சம் யோசித்து, "ஆமாங்க. ஆத்தா வேண்டாங்கறா" என்றார். கிடாயைக் கோயிலுக்கு விட்டுவிட்டு அதற்குப் பதிலாகப் பூசணிக்காய் உடைத்தார்கள். "பூசணிக்காய்ல ஈரலுக்கு நான் எங்க போவேன்?" என்று சித்தப்பா கேட்க, அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிடாய் ஊரில் யார் காட்டிலும் மேயலாம் என்ற உரிமையோடு பல வருஷம் திரிந்தது. எங்கள் வீட்டுக்கும் வரும். அப்படி வந்த ஒருநாள் வேம்பன் புத்தகத்தின் பின்பாதியைத் தின்றுவிட்டது. நான் கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தைப் படித்துக் கிடாயைக் காப்பாற்றியவன் நான் என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த நினைப்போடு முப்பது வருஷம் இருந்தேன். அப்பா காலமான பிறகு, என் மகளுக்காக வீட்டில் ஒரு கிடாய் நேர்ந்தார்கள். இந்தத் தடவை பிடித்துக்கொண்டு நின்றவன் நான். முதுகில் தண்ணீர் ஊற்றியும் அது துளுக்கவில்லை. வந்திருந்த புதுப் பூசாரி, "காதுல ரெண்டு சொட்டு உடுங்க சாமி. எந்தக் கெடாவாலயும் தாங்க முடியாது" என்றார். விட்டார்கள். அந்த நொடியே உடம்பெல்லாம் உதறியது.

முப்பது வருஷத்துக்கு முந்தின அந்த நோம்பியன்று அப்பாவின் கைகளை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கிடாயின் இரண்டு காதுகளும் அந்தப் பெரிய உள்ளங்கைகளுக்குள் மடங்கிக் கிடந்தன. மூன்று சொம்புத் தண்ணீரும் அவர் விரல் முட்டிகளின்மேல் வழிந்து கீழே போனது. தப்பித்து ஓடிவிடக் கூடாது என்று எப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார் பார் என்று, அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.