காதுக்குப் பின்னால் மூன்று புள்ளிகள்

இடது காதை இரண்டு விரலால் மெல்ல முன்பக்கம் மடக்கி, பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மாஸ்டர் கத்தரியை எடுப்பார். பன்னிரண்டு வருடமாக என் தலை அவர் பொறுப்பில் இருக்கிறது. ஒரு நாளும் இது தவறியதில்லை. "மூஞ்சி ஆயிரம் வேஷம் போடும் சார். காதுக்குப் பின்னாடி ஒரு வேஷமும் போட முடியாது" என்பார்.

எங்கள் தெருமுனை சலூன்காரர். வயது ஐம்பத்தைந்து. குள்ளம், உயரமான ஆள் வந்தால் நாற்காலியைத் தாழ்த்த மாட்டார், தான் ஒரு பலகைமேல் ஏறிக்கொள்வார். தெருவில் எதிரே வந்தால் என்னை அவருக்கு அடையாளம் தெரியாது. கடந்து போனபிறகு பிடரியைப் பார்த்து, "அட, நம்ம சாரு!" என்று கூவுவார். வேலை இல்லாத நேரத்தில், காத்திருப்பவர்களுக்குச் செய்தித்தாளை உரக்க வாசித்துக் காட்டுவார். விளம்பரத்தைக்கூட விடமாட்டார்.

சென்ற மாதம் ஒரு காலை அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார். பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றை இடித்தபோது கோப்புகள் கிடைத்திருக்கின்றன. நாற்பது வருடத்துக்கு முன், காய்ச்சலென்று வந்த குழந்தைகள்மேல் ஒரு மருந்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெற்றவர்களிடம் தடுப்பூசி என்று சொல்லியிருக்கிறார்கள். கோப்பில் பெயரே கிடையாது, எண்தான். பல எண்களுக்கு நேரே சிவப்புக் கோடு. ஊசி போட்ட இடம், இடது காதின் பின்புறம். மூன்று புள்ளி.

மாஸ்டரின் குரல் அங்கே நின்றது. நாளிதழை நான்காக மடித்து வைத்துவிட்டு, "அடுத்து யாரு?" என்றார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் தபால்காரர். மாஸ்டர் அன்றைக்கு அவர் காதைத் தொடவே இல்லை.

அந்தத் தழும்பு அவருக்குப் பழக்கம். கடுகளவு மூன்று புள்ளிகள், முடி முளைக்காத இடம். அவர் கைக்கு வரும் தலைகளில் ஐந்து பேருக்கு அது உண்டு. எல்லோருக்கும் வயது நாற்பத்தைந்தை ஒட்டி. "மூணு புள்ளி ராசிங்க, நெனச்சது நடக்கும்" என்று வருடக்கணக்காக அவர்களிடம் சொல்லி வந்திருக்கிறார். அதுதான் அவரை அரித்தது. "வெட்டப்போற ஆட்டுக்குப் போட்ட அடையாளத்தப் போயி ராசின்னு சொல்லிட்டேனே சார்" என்றார் என்னிடம்.

பாதிக்கப்பட்டவர்கள் வரலாம் என்று விசாரணைக் குழு அறிவித்தது. யாரும் போகவில்லை. தன் காதின் பின்புறத்தை யார் பார்த்திருக்கிறார்கள்?

அந்த ஐந்து பேரிடமும் சொல்வதா, வேண்டாமா என்று மாஸ்டர் சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டிருக்கிறார். "சொல்லிடுங்க" என்றவர், காதை மூடியிருந்த முடியை ஒதுக்கிக் காட்டியிருக்கிறார்.

ஊரார் காதையெல்லாம் மடக்கிப் பார்த்தவர் வீட்டுக் காதைப் பார்த்ததில்லை. "இருபத்தாறு வருஷம் ஒண்ணா இருந்திருக்கோம் சார். பேப்பர் சொல்றதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியுமாம். பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த புள்ள காலையில இல்லையாம். படுக்கைய மட்டும் புதுசா விரிச்சு வச்சிருந்தாங்களாம். 'நாங்க யாரும் கேக்கல'ங்கிறா. பால் தீந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி சொல்றா சார்."

வார விடுமுறை நாளன்று பிற்பகல், ஐந்து பேரையும் கடைக்கு வரவழைத்தார். "பத்திரிகைல எழுதுறவரு ஒருத்தர் இருக்கட்டும்" என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். மூன்று பேர் நாற்காலியில், இரண்டு பேர் பெஞ்சில். செய்தியை மறுபடி வாசித்துவிட்டு, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து ஒவ்வொருவருக்கும் காட்டினார். ரொட்டிக்கடைக்காரர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

தபால்காரர் மட்டும் சிரித்தார். "என்னண்ணே, கொசு கடிச்சதுக்கெல்லாம் விசாரணையா? எனக்கு அப்ப அஞ்சு வயசு. ஒரு எழவும் ஞாபகமில்ல."

கதவோரம் நின்றிருந்த மாஸ்டரின் மனைவி, "எனக்கு முப்பத்தொண்ணு" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"வயசில்ல. அங்க என்னை அப்படித்தான் கூப்பிட்டாங்க."

தபால்காரரின் வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை. "பதினாலு" என்றார். சொன்னது வேறு யாரோ என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

"நாப்பது" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "இருபத்திரெண்டு" என்றார் மூன்றாவது நாற்காலியில் இருந்தவர்.

பெஞ்சிலிருந்து இன்னொரு குரல், மீசை வைத்த மனிதருக்குச் சற்றும் பொருந்தாத மெல்லிய குரல், "ஏழு" என்றது. யாரும் யாரையும் கேட்கவில்லை. வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல எண்கள் தாமாக வந்தன. ஐந்தாமவர் மட்டும் தன் எண்ணைத் தொடையில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார், திரும்பத் திரும்ப. எதிரெதிர்க் கண்ணாடிகளில் அவர்களுடைய தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, எண்ண முடியாத தூரம்வரை உள்ளே போய்க்கொண்டிருந்தன.

மாஸ்டர் தபால்காரரின் நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி மெதுவாகத் திருப்பினார். அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, முழங்கால் இரண்டிலும் கை வைத்து, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

தபால்காரர் நிமிரவில்லை. மாஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார்.