கருநாகம் கேட்ட கலர்

கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஹெப்ரான் காவலாளி. விடுப்பு நாட்களில் அவர் கருநாகம். கோயில் கொடைத் திருவிழாக்களில், முடிவை முன்பே பேசிவைத்து நடக்கும் காட்சி மல்யுத்தத்தில் பதினான்கு ஆண்டுகளாகத் தோற்றுவருகிறார்.

ஜெயிப்பவர் சங்கிலிபூதத்தான், கல்லிடைக்குறிச்சியில் அப்பள வண்டி ஓட்டுபவர். மேடையில் அவர் பொருநை வேங்கை. இருவரும் ஒரே பைக்கில் போவார்கள். ஊர் எல்லையில் வேங்கை இறங்கி ஆட்டோ பிடிப்பார்.

தோற்பதற்கு முன் ஊரின் வெறுப்பைச் சம்பாதிக்க வேண்டும். ஊருக்கு எதில் பெருமை என்று ஹெப்ரான் டீக்கடையில் விசாரித்து வைத்துக்கொள்வார். மைக்கில் அதைத் திட்டுவார். பாட்டில்கள் பறக்கும். பிறகு கும்பிடு. அடிபட்டு மண்டியிட்டு, மன்னிப்புக் கேட்டு அழுவார். வேங்கை இரங்கிக் குனிந்ததும், மடியில் ஒளித்த முகப்பவுடரைக் கண்ணில் தூவுவார்.

போன ஆண்டு கல்லிடைக்குறிச்சிக் கொடை. சங்கிலிபூதத்தானுக்குச் சர்க்கரை நோய் இருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது. வேங்கைக்கு அது இருக்கக் கூடாது. அன்று மாலை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர், சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டதில் சாப்பிடவில்லை. ஆறாவது நிமிடத்தில், ஹெப்ரான் மெதுவாக ஓங்கிய கைக்கு அவர் விலகவில்லை. விழுந்தார். உடம்பு வேர்த்துச் சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் "ம்" மட்டும் வந்தது.

முன்பு ஒரு முறை வழியில் இப்படி ஆகியிருக்கிறது. உடனே இனிப்புப் போகாவிட்டால் ஆள் மிஞ்சமாட்டார் என்று டாக்டர் அப்போது சொன்னார்.

நடுவரை ஹெப்ரான் ஏற்கெனவே வெளியே வீசியிருந்தார். வழக்கப்படி நடுவர் மயங்கியதாக நடித்துக் கிடந்தார். தானே இறங்கினால் கூட்டம் உதைக்கும். ஹெப்ரான் மைக்கை எடுத்துக் கும்பிட்டார்.

"அய்யா, இவருக்குச் சுகர் இறங்கிட்டு. யாராவது குடிக்க ஒரு கலர் குடுங்கய்யா."

கூட்டம் சிரித்தது.

"ஏலே, கும்பிடுதாம்லே! கிட்டப் போவாதிய, பொடி போடுவான்!"

"நாகத்துக்குக் கலர் கேக்குதோ?"

"எம் மக கெசியா மேல சத்தியமாச் சொல்லுதேன்."

"இவனுக்குப் பொண்ணு வேற குடுத்திருக்கான் பாரேன்," என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

ஹெப்ரான் மைக்கை நெருக்கிப் பிடித்தார். சங்கிலிபூதத்தானின் மார்பில் கால் வைத்தார்.

"உங்க ஊர் அப்பளத்த நாய் மோந்து பாக்குமாலே? எங்க ஊர்ல அத வச்சு பஸ் கண்ணாடி துடைக்கோம்!"

முதலில் செருப்புகள் வந்தன. பிறகு பாட்டில்கள். தண்ணீர் பாட்டில்களைக் காலால் ஒதுக்கினார். ஒரு மாம்பழக் கலர் பாட்டில் நெற்றியில் பட்டு விழுந்தது. பாதி இருந்தது. சங்கிலிபூதத்தானின் தலையை மடியில் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டார். தொண்டை அசைந்தது.

"எச்சிக் கலர ஊத்துதாம்லே!"

நடுவர் இப்போது எழுந்து, கயிற்றில் ஏறுகிறவர்களின் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சங்கிலிபூதத்தான் கண்ணைத் திறந்தார். ஏறுகிறவர்களைப் பார்த்தார்.

"வே, நீரு கீழ விழும்."

"நீரு மொதல்ல குடியும்."

"குடிச்சாச்சு. விழும்வே, உம்மக் கொன்னுருவானுவ."

சங்கிலிபூதத்தான் எழுந்து உட்கார்ந்து ஒரு விரலால் ஹெப்ரானின் நெஞ்சைத் தொட்டார். ஹெப்ரான் எட்டடி தள்ளிப் போய் விழுந்தார். நடுவர் ஓடிவந்து மூன்று எண்ணினார்.

அந்த ஒற்றை விரல் அடியை ஊரில் இன்னும் பேசுகிறார்கள்.

இப்போதெல்லாம் ஹெப்ரான் மடியில் இருப்பது பவுடர் அல்ல, சர்க்கரைப் பொட்டலம். "மடியப் பாரும், பொடி வச்சிருக்கான்!" என்று கூட்டம் நடுவரிடம் காட்டிக்கொடுக்கிறது. சங்கிலிபூதத்தான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால், ஹெப்ரான் அதை அவர் கண்ணில் தூவுகிறார்.