கத்தரித்த பிடரி

2009இல் கனடாவில், எட்மண்டனுக்கு அப்பால் ஒரு குதிரைக் கொட்டிலில் வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எதைத் தொட்டாலும் பிழையாகிவிடுமோ என்ற பயம் எனக்கு.

முதலாளி சூசனிடம் ஃபெல் என்ற அரிய இனத்துப் போனி, குட்டைக் குதிரை, ஒன்று இருந்தது. அந்த வருடக் குதிரைக் கண்காட்சியில் அந்த இனத்துக்கு மூன்றே போனிகள் பதிவாகியிருந்தன. ஒன்று குறைந்தாலும் அந்த இனத்துக்கான போட்டி ரத்து. பிறகு நடத்தவே மாட்டார்கள்.

எங்கள் போனி அழகாகத் தெரிய வேண்டுமே என்ற கவலையில், கண்காட்சிக்கு முதல்நாள் அதன் நீண்ட பிடரி மயிரையும் கால் முடியையும் ஒட்டக் கத்தரித்தேன்.

காலையில் என்னோடு வேலை செய்யும் சிவா அண்ணை தலையில் கை வைத்தார்.

"என்னடா, சலூனே நடத்துறாய்? இந்த இனத்துக்கு முடி வெட்டவே கூடாது. இனி உள்ள விடமாட்டினம்."

"வடிவா இருக்குமெண்டு நினைச்சன் அண்ணை."

"ஓம், வடிவுதான். சூசனுக்கு நீயே சொல்லு."

நான் சொல்லவில்லை. சூசன் பார்த்தார், புரிந்துகொண்டார். பதிவு மேசையில் யார் வெட்டியது என்று கேட்டார்கள். "நான்தான்" என்றார் சூசன். இரண்டடி பின்னால் நான் வாய் திறக்காமல் நின்றேன். எங்கள் போனியைச் சேர்க்கவில்லை; போட்டி ரத்தானது. மற்ற இரண்டு போனிகளையும் அவற்றின் சொந்தக்காரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முடி மறுபடி வளர்ந்தது. போட்டி மறுபடி நடக்கவில்லை. இன்றும் சலூனில் காதோரம் கத்தரி சத்தமிடும்போது, அன்று நான் சொல்லாத "நான்தான்" என்ற அந்த ஒரு சொல்லை எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.